தாய்மாமன் சொத்தா தாயகம்?

(நெல்லையில் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. படிப்போருக்கென விரித்து எழுதப்பட்டது.)

தோழரே,

செங்கோட்டையில் கூட்டம் முடித்துவிட்டு, தேநீர்க்கடை வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி வந்தார். கக்கத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு தகரக்குழல். குழலுக்குள் ஒரு சுருள். பழுப்பேறிய பத்திரம்! தலைப்பில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை. கொல்லம் ஆண்டு 1090 என்று போட்டிருந்தது. நாம் எழுதும் கணக்கில் 1915-ஐ ஒட்டிய காலம்.

"தம்பி, மேடையிலே இவ்வளவு பேசினீங்களே... இதை வாசிச்சுச் சொல்லுங்க. என் பாட்டனார் வாங்கின நிலம். பத்திரம் இருக்கு. என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியலே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் மலையாளம்! படிக்கத் தெரியாமல் விழித்தேன். என் விழிப்பைக் கண்டு அவர் சிரித்தார். சிரிப்பா அது? பாட்டன் தேடிய நிலம், தந்தை உழுத நிலம், தான் காக்கும் நிலம். ஆனால் அந்த நிலத்தின் சாசனத்தைத் தமிழ்ப் பேரன் தானே படிக்க முடியவில்லை. நிலம் இருக்கிறது கையில். எழுத்து இருக்கிறது எட்டாத தொலைவில்!

இந்த நிலை எப்படி வந்தது? தென்காசியிலிருந்து எட்டுக் கல் கூட இல்லாத ஊர் செங்கோட்டை. குற்றாலத்துச் சாரல் வீசும் ஊர். அந்த வட்டாரத்து ஓடைகள் எல்லாம் கிழக்கே ஓடி, சிற்றாற்றோடு சேர்ந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கின்றன. ஓடுகின்ற நீர் நெல்லைச் சீமைக்கு வந்தது. ஆனால் உழுதவன் கட்டிய தீர்வையோ மலையேறி, ஆரியங்காவுக் கணவாய் கடந்து, திருவனந்தபுரம் போயிற்று. தண்ணீர் கிழக்கே, தீர்வை மேற்கே! இயற்கை ஒரு பக்கம் சாய்த்த மண்ணை, எந்தக் கை மறுபக்கம் இழுத்தது?

வாள் பிடித்த கை என்று சொல்லத் தோன்றும். வாளும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாளுக்கு முன்னே நீட்டப்பட்டது ஒரு வாரிசுரிமை. படை பின்னால் வந்தது. பாத்தியதை முன்னால் வந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

நான் கல்லூரியிலே வரலாறு படிக்கப் போனவன். படித்து முடிக்குமுன் மேடை என்னை இழுத்துக்கொண்டது. முடித்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும்; இந்தக் கேள்வி கிடைத்திருக்குமா என்பது ஐயம். ஏனெனில் பாடநூல் களங்களைச் சொல்லிற்று, கல்யாணங்களைச் சொல்லவில்லை. கோட்டை இடிந்ததைச் சொல்லிற்று, குடும்பத்தார் கூடி எழுதிய பத்திரத்தைச் சொல்லவில்லை. உலக வரலாற்றைப் புரட்டினால், வாள் வென்ற நாடுகளுக்குக் குறையாமல் வாரிசுப் பத்திரம் வென்ற நாடுகளும் உண்டு, தோழரே!

சற்றே கடல் கடந்து வாருங்கள். ஜெர்மன் நாடு. ரைன் என்னும் பேராறு. அதன் இருமருங்கும் அன்று சின்னஞ்சிறு சீமைகள். கிளீவ்ஸ், மார்க் என்ற இரண்டும் ஒரு குடும்பத்துக்கு. யூலிஷ், பெர்க், ராவன்ஸ்பெர்க் என்ற மூன்றும் மற்றொரு குடும்பத்துக்கு. அடுத்தடுத்த வீட்டார், அடுத்தடுத்த வயல்போலக் கிடந்த நாடுகள்.

ஆண்டு 1496. நாடகக்காரன் நான், காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

திரை விலகுகிறது. நீண்ட மேசை. ஒருபுறம் கிளீவ்ஸ் கோமகன். மறுபுறம் யூலிஷ் கோமகன். நடுவே தோல்சுருள், மைக்கூடு, அரக்கு, முத்திரை. மூலையிலே இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றன. பையன் பெயர் யோஹான், வயது ஆறு. பெண் பெயர் மரியா; வயது ஐந்து.

"எமக்கு ஆண் மகவு இல்லை. எம் மகளை உம் மகன் மணக்கட்டும். எமக்குப் பின் எம் சீமை அவனுக்கு."

"எமக்குப் பின் எம் சீமையும் அவனுக்கே. ஐந்தும் ஒன்றாகும்!"

"எழுதுக!"

எழுதப்பட்டது. அரக்கு உருகிற்று, முத்திரை விழுந்தது. மூலையிலிருந்த குழந்தைகளுக்கு விளையாட்டு கலைந்த வருத்தம் மட்டுந்தான்! மேடையில் இல்லாதவர்கள் யார் தெரியுமா? அந்த ஐந்து சீமைகளின் உழவர்கள், நெசவாளர்கள், படகோட்டிகள். அவர்களுக்கு இந்த நாடகத்தில் பாத்திரமே இல்லை. பாத்திரம் இல்லாதவர்களின் தலையிலேதான் முழுக் கதையும் நடந்தது.

உரையாடல் என் கற்பனை, உடன்படிக்கை உண்மை. 1510-இல் திருமணம் நடந்தது. 1511-இல் பெண்ணின் தந்தை இறந்தார். 1521-இல் பிள்ளையின் தந்தை இறந்தார். ஐந்து சீமைகளும் யோஹான் கையில் ஒன்றாயின. போரில்லை, புகையில்லை. "ஆகா, எவ்வளவு அமைதியான முறை!" என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். இந்த இணையருக்குப் பிறந்த ஆன் என்ற பெண்ணைத்தான் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1540 ஜனவரியில் மணந்து, அதே ஆண்டு ஜூலையில் விலக்கினான். பெண் கொடுத்து நாடு சேர்த்த வீட்டுக்கே, பெண் விலக்கப்படும் வேதனையும் வந்து சேர்ந்தது.

அதோடு முடியவில்லை. பிள்ளைப்பேற்றை நம்பிக் கட்டிய கட்டடம், பிள்ளை இல்லாதபோது என்னாகும்? 1609-இல் அந்தக் குடும்பத்தின் கடைசிக் கோமகன் மகவின்றி மாண்டான். உடனே கிளம்பினார்கள் உரிமைக்காரர்கள். பிராண்டன்பர்க் குடும்பம் ஒருபுறம், நியூபர்க் குடும்பம் மறுபுறம். படைகள் வந்தன, அயல்நாடுகள் மூக்கை நுழைத்தன. ஒருவர் கத்தோலிக்கராக மாறினார், மற்றவர் கால்வின் நெறிக்கு மாறினார். 1614-இல் சாண்டன் என்ற ஊரில் பங்கு பிரித்தார்கள். கிளீவ்சும் மார்க்கும் ராவன்ஸ்பெர்க்கும் ஒருவருக்கு. யூலிஷும் பெர்க்கும் மற்றவருக்கு. சேர்த்தபோதும் மக்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை. தொட்டில் நிறைந்தால் நாடு ஒன்று. தொட்டில் காலியானால் நாடு இரண்டு!

"அது ஜெர்மனி. நமக்கென்ன?" என்கிறீர்களா? வாருங்கள், நம் மலைக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொட்டாரக்கரை என்று ஓர் ஊர். அதைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குடும்பத்துக்கு இளையிடத்துச் சொரூபம் என்று பெயர். வேணாட்டு அரச குடும்பத்தின் கிளை அது. கொட்டாரக்கரை, பத்தனாபுரம், அவற்றோடு மலைக்கு இப்பாலுள்ள செங்கோட்டை, எல்லாம் அவர்கள் ஆட்சி. நம் செங்கோட்டை அந்தக் குடும்பச் சொத்தின் கீழைக்கோடி!

அவர்களிடையே வழக்கம் மருமக்கள்தாயம். தந்தைக்குப் பின் மகனல்ல. தாய்மாமனுக்குப் பின் மருமகன். 1729-இல் அந்த வழக்கப்படி வேணாட்டு அரியணை ஏறியவர் மார்த்தாண்டவர்மர். "மகன்களான எங்களுக்கு இல்லையா?" என்று முன்னைய அரசரின் பிள்ளைகளான தம்பிமார் கிளம்பினார்கள். அந்தக் குடும்பக் குழப்பத்தில் படைகள் வந்தன. நாஞ்சில் நாடு நடுங்கிற்று.

மார்த்தாண்டவர்மர் ஆற்றல் மிக்கவர். அதைக் குறைத்துச் சொல்வது வரலாறாகாது. கிளைக்குடும்பங்கள் சிதறிக் கிடந்ததைக் கண்டார். சேர்த்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். சேர்க்க அவர் எடுத்த கருவிகளைப் பாருங்கள். ஆற்றிங்கல் அரசியாரோடு உடன்படிக்கை: ஆற்றிங்கல் வயிற்றில் பிறந்தோரே வேணாட்டு அரசராவர், ஆற்றிங்கல் வேணாட்டோடு இணையும். கொல்லத்து அரசர் காயங்குளத்துக் குடும்பத்திலிருந்து தத்தெடுத்தார். "தத்து செல்லாது" என்று படை நடந்தது. பிடிபட்ட கொல்லத்து அரசரிடம், தமக்குப்பின் கொல்லம் வேணாட்டுக்கே என்று எழுதி வாங்கப்பட்டது. ரைன் ஆற்றங்கரையில் மேசைமேல் நடந்தது, இங்கே வாள்முனையில் நடந்தது. கருவி வேறு, கணக்கு ஒன்று!

அடுத்து வந்தது கொட்டாரக்கரையின் முறை. 1736-ஐ ஒட்டி அதன் அரசர் மறைந்தார். அக்குடும்பத்து இளவரசியார் ஆட்சிக்கு வந்தார். "அவருக்கு உரிமையில்லை, உரிமை எமக்கு" என்றார் மார்த்தாண்டவர்மர். விந்தையைக் கவனித்தீர்களா, தோழரே? தாய்வழியே உரிமை இறங்கும் நாடு அது. பெண் வழியாகத்தான் அரசே வரவேண்டும். ஆனால் பெண்ணே அரசாள வந்தால் ஆகாதாம்! வழி மட்டும் பெண்ணாக இருக்கலாம். வழிப்போக்கர் ஆணாக இருக்கவேண்டும்!

இளவரசியார் தெக்கும்கூரில் அடைக்கலம் புகுந்தார். மிளகுக்காகக் காத்திருந்த டச்சுக்காரர் இரங்குவதுபோல் ஓடி வந்தனர். 1739-இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் மலையாளக் கரைக்கு வந்து பேச்சு நடத்தினார். "விட்டுவிடு, இல்லையேல் படையெடுப்போம்" என்று அவர் மிரட்ட, "அப்படியானால் என் மீனவர்களையும் வள்ளங்களையும் கொண்டு உங்கள் ஐரோப்பாவின்மீது நானும் படையெடுப்பேன்" என்று மார்த்தாண்டவர்மர் விடை பகர்ந்ததாகச் சொல்வார்கள். மேடைக்கேற்ற விடை!

1741-இல் டச்சுக்காரர் இளவரசியாரைக் கொட்டாரக்கரையில் அமர்த்தினர். மார்த்தாண்டவர்மர் முறியடித்தார். இளவரசியார் கொச்சி சென்று, டச்சுக்காரர் தந்த படியில் வாழ்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 10-இல் குளச்சலில் டச்சுப்படை தோற்றது. சிறைப்பட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தான். ஐரோப்பியக் கம்பெனியை ஓர் இந்திய அரசு மண்கவ்வ வைத்த வெற்றி குளச்சல். பாராட்டத்தக்கது; பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. கொட்டாரக்கரைக் குடும்பத்தின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் மாமன் பேசினார், மருமகன் பேசினார், மருமகள் பேசினார், மிளகு வாணிகன் பேசினான். செங்கோட்டைக் குடியானவன் எங்கே பேசினான்? குடும்ப வழக்கின் தீர்ப்பிலே, மாட்டோடும் மரத்தோடும் மனிதனும் மாற்றப்பட்டான். அன்றுமுதல் இரு நூற்றாண்டுக்கு மேல், சிற்றாற்றுப் படுகையின் இந்தத் தமிழ்மண் திருவிதாங்கூர்!

சேர்த்த சொத்தைக் காக்க மார்த்தாண்டவர்மர் 1750-இல் ஒன்று செய்தார். வாளைப் பத்மநாபசுவாமியின் திருப்படியில் வைத்து, நாட்டையே கடவுளுக்கு எழுதிக் கொடுத்து, தாம் அவருடைய அடியார் மட்டுமே என்றார். திருப்படித்தானம் என்பர் அதனை. பக்தி இருந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் அரசியலும் இருந்தது. மன்னனை எதிர்த்தால் கலகம். கடவுளின் அடியாரை எதிர்த்தால் பாவம்! கொடுத்தவரும் குடும்பத்தார், கொடையைக் காப்பவரும் குடும்பத்தார். இதற்கும் குடிமக்களைக் கேட்டதில்லை.

மலைக்கு அப்பால் மட்டுந்தானா இந்த வழக்கம்? இப்பால் பாருங்கள். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டான் கும்பினியான். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தைத் துண்டு போட்டுத் தனக்கு உதவிய பாளையங்களுக்குப் பங்கிட்டான். 1855-இல் தஞ்சை மராட்டிய மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்ததும், அரச பட்டத்தையே ஒழித்தான். அங்கே வாரிசு இருப்பதாகச் சொல்லி எடுத்தார்கள்; இங்கே வாரிசு இல்லையென்று சொல்லி எடுத்தார்கள். எடுப்பதற்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது; கொடுப்பதற்குத்தான் கிடைக்கவில்லை!

இதைக் கேட்டு மலையாள மக்கள்மீது சினம் கொள்ளாதீர்கள். கொட்டாரக்கரை உழவனையும் எவனும் கேட்கவில்லை. கொல்லத்துக் கயிறு திரிப்பவளையும் எவனும் கேட்கவில்லை. மருமக்கள்தாயத்தையும் நான் பழிக்கவில்லை. பெண்ணுக்கு வீட்டில் இடம் தந்த முறை அது. மகன்வழியாக வந்தால் மட்டும் மன்னராட்சி இனித்துவிடுமா? பிழை மாமனிடத்திலும் இல்லை, மருமகனிடத்திலும் இல்லை. மண்ணையும் மக்களையும் வீட்டுச் சாமான்போல் எண்ணியதில் இருக்கிறது பிழை.

அதன் விளைவை அனுபவித்தவர்கள் செங்கோட்டையார். தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆனால் கச்சேரியின் மொழி மலையாளம். வீட்டில் தமிழ், வயலில் தமிழ், தாலாட்டில் தமிழ், ஒப்பாரியில் தமிழ். ஆனால் நிலம் வாங்கினால் மலையாளம். வழக்கு வந்தால் மலையாளம். 1904-இல் நெல்லையையும் கொல்லத்தையும் இணைத்து மலையைக் குடைந்து இரயில் வந்தது. வண்டி இரு நாட்டையும் இணைத்தது. எல்லைக்கோடு அங்கேயே நின்றது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டு, தானும் மாய்ந்த வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரன். திருவிதாங்கூர்க் காட்டிலாகாவில் ஊழியம் பார்த்தவன். ஊழியம் அந்த அரசில்; உள்ளம் கொதித்தது இந்த நெல்லையில்.

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. தென் திருவிதாங்கூர்த் தமிழர் 1940-களின் நடுவிலேயே இயக்கம் கண்டிருந்தனர். நேசமணி போன்றோர் தலைமை தாங்கினர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ்ப்பகுதிகள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்றனர். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் துப்பாக்கி வெடித்தது, தமிழர் மாண்டனர். மார்த்தாண்டம்! பெயரிலேயே பழைய மன்னரை நினைவூட்டும் அந்த ஊரில், மன்னர் காலத்தில் கேட்கப்படாத கேள்வியை மக்கள் கேட்டார்கள்: "எங்களைக் கேட்காமல் எங்களை எங்கே சேர்த்தீர்கள்?"

1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1. தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை நெல்லையோடு சேர்ந்தது. 2019 நவம்பர் முதல் அது தென்காசி மாவட்டம்.

முழு வெற்றியா? அல்ல. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. செங்கோட்டைத் தாலுகாவிலேயே ஆரியங்காவு உள்ளிட்ட மலைப்பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. வாக்குப்பெட்டி வைத்து ஊர் ஊராகக் கேட்டதும் இல்லை. ஆணையம் ஆய்ந்தது, நாடாளுமன்றம் சட்டம் செய்தது. குறைகளை மறைத்துப் பேசுவது நம் வேலையல்ல. ஆனால் வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். 1736-இல் கேட்ட கேள்வி: "இறந்த மன்னனுக்கு யார் உறவு?" 1956-இல் கேட்ட கேள்வி: "இங்கே வாழும் மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள்?" செத்தவரின் உறவைத் தேடிய காலம் போய், வாழ்பவரின் வாய்மொழியைக் கேட்ட காலம் வந்தது. இந்த ஒரு மாற்றத்துக்கு இருநூற்றிருபது ஆண்டு பிடித்தது!

பெரியவர் கதையை நடுவில் விட்டுவிட்டேன். நான் விழித்து நின்றபோது, தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எழுந்து வந்தார். புனலூர்க்காரர், மலையாளி. "இங்கே தாருங்கள், ஐயா" என்று வாங்கினார். விளக்கின் கீழே பிடித்து, வரி வரியாகப் படித்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கிழக்கே வாய்க்கால், மேற்கே புளியமரம், தெற்கே பக்கத்து நிலத்துக்காரர் வரப்பு, வடக்கே வண்டிப்பாதை. வாங்கியவர் பெயர் தமிழ்ப்பெயர், விற்றவர் பெயர் தமிழ்ப்பெயர், சாட்சிகளும் தமிழர். எழுத்து ஒன்றுதான் வேறு!

பெரியவர் கண் கலங்கிற்று. "அந்தப் புளியமரம் இப்போ இல்லே. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அதிலே ஊஞ்சல் ஆடியிருக்கேன்" என்றார். அறுபது, எழுபது ஆண்டாகத் தகரக்குழலில் பூட்டிக் கிடந்த மரம், ஒரு மலையாளத் தோழரின் வாயிலே மீண்டும் தழைத்தது. "1956-லே கொடி ஏத்தினப்போ நான் பள்ளிக்கூடத்துப் பையன். இனிமே எல்லாம் தமிழ்லேதான்னு வாத்தியார் சொன்னார். இந்தப் பழைய காகிதத்தை மட்டும் யாரும் மாத்தித் தரலே" என்றார்.

தோழரே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. எல்லையை மாற்ற உயிர் கொடுத்தார்கள். ஆனால் எல்லை மாறிய பிறகும் ஒருவர் பத்திரம் அவருக்குப் புரியாமலே கிடந்திருக்கிறது. மாநிலத்தை மீட்பது பெரியோர் வேலை. அதை வீடுதோறும் கொண்டு சேர்ப்பது நம் வேலை. உங்கள் படிப்பகத்தில் நாளேடு இருக்கிறது, நல்லது. இனி வாரம் ஒரு மாலை, பத்திரம் படித்துச் சொல்ல ஒருவர் அமரட்டும். பழைய மலையாளப் பத்திரமானால், அந்த மொழி அறிந்த நண்பரை அழைத்து வாருங்கள், மகிழ்ந்து வருவார். பட்டா, வாக்காளர் பட்டியல், ஊராட்சிக் கணக்கு, எதுவாயினும் எளியவர் ஒருவருக்குப் புரியும்வரை படித்துச் சொல்லுங்கள். தன் நிலத்தின் எழுத்தும் தன் நாட்டின் எழுத்தும் தனக்குப் புரியாதவனைத்தான், எவரும் எவருக்கும் எழுதி வைத்துவிட முடியும்.

ஆறு வயதுப் பையனுக்கும் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் நாட்டை எழுதிய காலம் போயிற்று. மாமனும் மருமகனும் மண்ணைப் பங்கிட்ட காலம் போயிற்று. போன காலம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, இந்தச் சிற்றாறும் பொருநையும் பாயும் நாட்டில், உங்களுடையது, என்னுடையது.

வீட்டுக்கு வாரிசு வேண்டுமானால் பிள்ளைகள் இருக்கட்டும். நாட்டுக்கு வாரிசு மக்கள்தாம்!